அம்மா இனி வீடியோவில் வரமாட்டாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வீடியோ எடுக்க நீ அனுப்பிய விளக்கும் மைக்கும் வந்து சேர்ந்தன, பெட்டியைப் பிரிக்கவில்லை, காரணத்தை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. வங்கி வேலையை விட்டுவிட்டு நீ தொடங்கிய யூடியூப் சேனல் கம்பெனியாகிவிட்டது, எடிட்டிங்குக்கு இரண்டு பேரை வைத்திருக்கிறாய், மெத்தைக் கம்பெனிக்காரர்கள் ஆறு மாத விளம்பர ஒப்பந்தம் போடுகிறார்கள், வாரம் இரண்டு வீடியோவில் அம்மா வரவேண்டும் என்றாய். அவளுடைய மறதியைப் படம் பிடித்து அனுப்புவது நான்தான், அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் யார் என்று கேட்பேன், புதிதாக வந்த ஹெட்மாஸ்டரா என்பாள், லட்சம் பேர் பார்ப்பார்கள். போன வாரம் அம்மாவைப் பார்க்க வரும் நர்ஸம்மா, தன் பிள்ளைகள் வீடியோவைப் பார்த்து நம் அம்மாவைப் போலவே நடித்துக் காட்டுவதாகப் பெருமையோடு சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, பாப்பா எப்ப வருவா? என்னை ஏன் எப்பப் பாத்தாலும் படம் பிடிக்கிறீங்க, நான் செத்துடப் போறேனா?" என்று கேட்டாள். எட்டு மாதம் கழித்து அன்றுதான் என்னை 'ஏங்க' என்று கூப்பிட்டாள். நான் அவள் கையைக்கூடப் பிடிக்கவில்லை, போனைத் தேடி ஓடினேன். அது அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டி, "இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் யாரு?" என்றாள்.

தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் என் வகுப்பில் ஒரே மாணவியைத்தான் எழுப்பிவிடுவேன், கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்லும். ஒருநாள் அதற்குக் காய்ச்சல், மற்ற எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் பாடம் நடத்துகிறீர்களா வாத்தியாரே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உன் கம்பெனியும் ஒருத்தியை நம்பித்தான் நிற்கிறது, அவளோ நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறாள். வங்கிப் படிவங்களை விளக்கி நீ போட்ட பழைய வீடியோக்களைச் சில நூறு பேர்தான் பார்த்தார்கள், ஆனால் அவர்கள்தான் வாரம் தவறாமல் வந்து சந்தேகம் கேட்டார்கள். அது உன் கைவசம் உள்ள சரக்கு, நாளைக்கும் இருக்கும். மெல்ல வளரட்டும். மெத்தைக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிடு, அந்த இரண்டு பேருக்கும் வேறு வேலை கிடைக்கும்வரை என் பென்ஷனிலிருந்து முடிந்ததை அனுப்புகிறேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவளை வீடியோவுக்குக் கேட்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் உழைப்பு வீண் போகக்கூடாது, அம்மாவும் மனதுக்குள் எங்கோ அதையேதான் நினைப்பாள். மறக்காமல் இதைச் செய்: அம்மா வரும் எல்லா வீடியோக்களையும் சேனலிலிருந்து நீக்கிவிடு. முதலாவதைக் கண்டிப்பாக நீக்கு. அதில் கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பது நான்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா