சத்தம் வராத கம்பி

பொங்கோல்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சகோதரி நஃபீசாவுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் சரத், உங்கள் தோழி திவ்யதர்ஷினியின் கணவன். பாலிடெக்னிக்கில் நீங்கள் இருவரும் ஒரே பேண்டில் வாசித்ததையும், இப்போது நீங்கள் டோபி காட் வட்டாரத்தில் ஒரு கிட்டார் கடையில் இருப்பதையும் அவள் சொல்லியிருக்கிறாள். போனில் தட்டுவதைவிடக் கையால் எழுதுவதுதான் மரியாதை என்று நினைப்பவன் நான்.

திவ்யாவிடம் மூன்று கிட்டார்கள் இருக்கின்றன: பேஸ், எலெக்ட்ரிக், அகூஸ்டிக். மூன்றுக்கும் கம்பி மாற்ற வேண்டும். கொஞ்ச நாளாக அவளால் எதையும் சரியாகத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. அதனால் நானே வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். புது வீட்டில் சுவர் மெல்லியது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாத கம்பி எது? அவளிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

அன்புடன்,
சரத்


டோபி காட்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள சரத் அண்ணனுக்கு,

கடைக்குக் கடிதம் வந்ததைப் பார்த்து எங்கள் முதலாளியே அசந்துபோனார். மனைவிக்குக் கம்பி வாங்க இவ்வளவு மெனக்கெடும் கணவர்! திவ்யா கொடுத்துவைத்தவள்.

பேஸுக்கு அவள் எப்போதும் போடுவது சொரசொரப்பான கம்பி, பளீரென்று ஒலிக்கும். மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும் ‘ஃப்ளாட்வவுண்ட்’ போட்டால் சத்தம் அமுங்கிவிடும், விரல் உரசுவதும் கேட்காது. எலெக்ட்ரிக்கிற்கு ஒன்பதாம் நம்பர் செட் போதும். மெல்லியது, விரலுக்கும் சுகம். ஒலியைப் பெருக்கும் ஆம்பில் சொருகாவிட்டால் அடுத்த அறைக்கே கேட்காது. அகூஸ்டிக்தான் சிரமம், அதன் பெட்டியே ஆம்ப் மாதிரி. கனம் குறைந்த வெண்கலக் கம்பி அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும். “டல்லா இருந்தா எனக்குத் தூக்கம் வந்துடும் லா” என்பாள் அவள். மாட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவள் நம்பருக்கு அடித்தேன், போகவில்லை. என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், பேசி எவ்வளவு நாளாகிறது!

அன்புத் தங்கை,
நஃபீசா


பொங்கோல்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள சகோதரிக்கு,

பார்சல் கிடைத்தது. ஒரு மதியம் திவ்யா தூங்கியபோது மூன்றுக்கும் மாட்டிவிட்டேன். எழுந்து வந்து பேஸைத் தட்டிப் பார்த்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் வேலையை விட்டுவிட்டாள். போன் எதற்கு என்று அந்த நம்பரையும் நிறுத்திவிட்டேன்.

அகூஸ்டிக் சத்தம் மட்டும் இன்னும் லிஃப்ட் வரை கேட்கிறது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் தினமும் அவள் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்ப்பேன். எவ்வளவு நேரம் வாசித்தாள் என்று முன்பெல்லாம் தெரிந்துவிடும். இந்த மெல்லிய கம்பியில் அது சரியாகத் தெரிவதில்லை. சத்தம் வராமலும், விரலில் தடம் விழுகிற மாதிரியும் ஏதாவது கம்பி உண்டா?

ரமலான் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சரத்


டோபி காட்
3 மார்ச் 2025

சரத் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் கேட்கிற மாதிரிக் கம்பி எங்கும் கிடையாது. பட்டு இழை சேர்த்த கம்பி ஒன்று இருக்கிறது, சத்தம் இன்னும் குறையும். ஆனால் திவ்யாவின் குரலைக் கேட்காமல் நான் எதையும் அனுப்பப்போவதில்லை. கடை நம்பர் உறையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் என்னோடு பேசச் சொல்லுங்கள்.

நான் தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நஃபீசா


பொங்கோல்
10 மார்ச் 2025

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்கு வருத்தமில்லை. இனி கம்பி தேவைப்படாது. மூன்றிலும் வெட்டி எடுத்துவிட்டேன். பேஸ் கம்பி துள்ளி அவள் கன்னத்தில் கொஞ்சம் கீறிவிட்டது. தள்ளி நில் என்றேன், கேட்கவில்லை. இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று உங்களுக்குத் தெரியாததா?

வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. அவள் யாரையும் பார்க்க விரும்பவில்லை. சிரமப்பட்டு வர வேண்டாம்.

அன்புடன்,
சரத்


டோபி காட்
17 மார்ச் 2025

சரத்துக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில், உங்கள் உறையில் இருந்த முகவரிக்கு என் அண்ணன் ஃபஹத்தோடு வந்தேன். இரும்புக் கதவில் வெளிப்பக்கம் பூட்டு. தட்டினேன். உள்கதவு விரலளவு திறந்தது.

“நஃபீசாவா? போயிடு. மேல கேமரா இருக்கு, அவருக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.”

“உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்.”

கன்னத்துக் காயம் இன்னும் காயவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தக் கம்பியெல்லாம் நீதான் செலக்ட் பண்ணேன்னு சொன்னாரு. உண்மையா?”

“ஆமா.”

இதைவிடக் கஷ்டமான வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“சரி. பூட்டை உடைக்க யாரையாச்சும் கூப்பிடு. சீக்கிரம்.”

போலீஸ் வந்து பூட்டை அறுத்தார்கள். புகார் கொடுத்தாயிற்று. உங்கள் கடிதங்களையும் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். பேஸை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள், வேறு எதையும் எடுக்கவில்லை. அவளைத் தேட வேண்டாம். எனக்கு இனி எழுதவும் வேண்டாம்.

நஃபீசா


சுவா சூ காங்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள சகோதரி நஃபீசாவுக்கு,

எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. போலீஸில் விசாரித்துவிட்டு ஜாமீனில் விட்டுவிட்டார்கள். எனக்கு யார்மேலும் கோபமில்லை.

ஒரு வாரமாக மாலையில் இங்கே, உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கல்மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடை மூடியதும் ஒரு நாள் உங்கள் பின்னாலேயே வந்தேன். நல்ல காற்று. பெருநாளன்று உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பேர் வந்து போனார்கள்! திவ்யா பச்சை உடுத்தியிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

பேஸுக்குப் புதுக் கம்பி மாட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். கீழே வரை தெளிவாகக் கேட்கிறது. எந்த மாடி, எந்த வீடு என்று நான் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போதுதான் வாசிப்பதை நிறுத்தினாள். ஃபஹத் தொழுகைக்குக் கிளம்பிப் போகிறார். இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. மேலே வந்து நானே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சரத்