வலையில் அப்பிய சந்தனம்

ஐப்பசி 9, ஞாயிறு

செம்பட்டிக்காரர் வீட்டுப் பூஜையறைக் கதவில் பாதி மயில் செதுக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அதன் டிசைன்படி மரத்தைச் செதுக்கும் மிஷினும் நின்றது. டிசைன் எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். மரத்தூள் புகாமலிருக்க கம்ப்யூட்டருக்கென்று பெட்டி அடித்து, காற்று போக வலையும் வைத்திருந்தேன். எரிச்சலில் தூளைத் திட்டினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி செல்வி வந்து பார்த்தாள். "தூளு என்ன செய்யும்? ஆயுத பூசைக்கு வலை மேல இம்புட்டுச் சந்தனத்த அப்புனது யாரு?"

நான்தான். ஈரச் சந்தனத்தில் தூள் ஒட்டி வலை அடைத்துப்போய், உள்ளே சூடேறியிருக்கிறது.

பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, ஆறவிட்டு ஆன் செய்தேன். டிசைன் ஒன்றும் அழியவில்லை. விட்ட இடத்திலிருந்தே மயில் தோகை விரித்தது.

செல்வி பெட்டியின் ஓரத்தில் சின்னதாகக் குங்குமம் வைத்தாள். "இங்க வச்சாலும் சாமிக்குத் தெரியும்."