ஒன்பது பெட்டிகள்

ஔலு நகரம், நவம்பர் 4
மருத்துவமனை அவசரப் பிரிவில் நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறார்கள்? அங்கே நடப்பதைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்க்கும்முன் தாளில் படம் வரைய வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி: எதைச் சேர்ப்பது, எதை விடுவது. நானும் கூட வேலை செய்கிற சனெல்மாவும் தனித்தனியே வரைகிறோம். யாருடையதைத் தலைவர் தௌனோ எடுக்கிறாரோ அவளே வேலையை நடத்துவாள். பதினொரு வருடமாக இதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

நவம்பர் 8
மூன்று நாள் அங்கேயே நின்று குறித்தேன். நாற்பத்தொரு பெட்டிகள்! தலைமைச் செவிலியர் பிர்கோவுக்கும் அனுப்பினேன். "எல்லாம் சரி" என்று ஒரு வரி பதில்.

நவம்பர் 11
சனெல்மாவுடையது ஒரே தாள். ஒன்பது பெட்டிகள்.

"பார்த்ததும் புரியுதே!" என்றார் தௌனோ. "ரைலி, உன் படத்தை ஒட்ட ரெண்டு சுவர் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. அவள் கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியைத் தொடவில்லை.

நவம்பர் 12
தப்பைப் பிடித்துவிட்டேன்! அவள் படத்தில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே கட்டிலில் படுத்துவிடுகிறார். துடைக்க வேண்டாமா? துடைக்கும் ஆள் வரவே நாற்பது நிமிடம். என் படத்தில் அது முப்பத்தேழாவது பெட்டி. இதை விட்டால் விடையே தப்பாக வரும்.

சொல்லவா? மாட்டேன். வியாழக்கிழமை செவிலியர்களிடம் படத்தைக் காட்டும்போது மாட்டட்டும்.

நவம்பர் 13
சொல்லவில்லை.

நவம்பர் 14
இரண்டே நிமிடம். பிர்கோ தாளில் விரலை வைத்தாள். "ஏம்மா, கட்டிலை யாரு துடைக்கிறது? நீயா?"

சனெல்மா முகம் வாடும் என்று பார்த்தேன். அவளோ, "அப்பாடா! வேற என்ன விட்டிருக்கேன்? நீங்களே வரைங்க" என்று பேனாவை நீட்டினாள். ஆளுக்கு ஆள் பிடுங்கி வரைந்தார்கள். துடைக்கிற ஆளை யாரும் கூப்பிடுவதில்லையாம், செவிலியே போய்த் தேட வேண்டுமாம். மூன்று நாள் நின்றும் அது என் கண்ணில் படவில்லை.

"துடைக்கிறது என் படத்துல இருக்கே" என்றேன்.

"இருந்துச்சா? பத்தாவது பெட்டியிலயே எனக்குத் தலை சுத்திடுச்சு ரைலி" என்றாள் பிர்கோ.

நவம்பர் 15
காப்பி நேரத்தில் சனெல்மா கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"செவ்வாய்க்கிழமையே."

கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு, "அந்த நாற்பது நிமிஷக் குறிப்பையாவது கொடு" என்றாள். கொடுத்தேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 3
வேலையை அவள்தான் நடத்துகிறாள். இன்னும் எரிகிறது.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று ஆறு பெட்டி வரைந்தேன். ஏழாவதற்குக் கை பரபரத்தது. விட்டுவிட்டேன். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அங்கே வேலை செய்கிறவர்களிடம் கிளம்புகிறேன்.