டேப் சுற்றிய சென்சார்

என்னங்க பிளம்பர் ஐயா,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. நேத்துச் சண்டையைச் சாக்கு வச்சுப் பட்டினி கிடக்காதீங்க.

"வித்துத் தொலைங்க"ன்னு சொன்ன அதே வாயாலதான் சொல்றேன்: உங்க பழைய காரைச் சரிபண்ணிட்டேன். டெம்பரேச்சர் சென்சார்ல வெள்ளை டேப்பை யாராவது சுத்துவாங்களா? அது என்ன, தண்ணிக் குழாயா? சென்சார் நேரா இன்ஜினைத் தொட்டாத்தான் மீட்டர்ல முள் ஏறும். நடுவுல டேப் இருந்தா, உள்ளே எவ்வளவு கொதிச்சாலும் வெளியே தெரியாது. முள் அசையலேன்னு நீங்க முறுக்குன முறுக்குல மரையே போயிடுச்சு.

சென்சார் ஓட்டையைப் பெரிசாக்கி, லேத்துல கடைஞ்ச பித்தளை புஷ்ஷை வளையம் மாதிரி உள்ளே இறக்கிட்டேன். புஷ்ஷுக்குள்ள புது மரை. டேப்பை உரிச்சுட்டேன். இனிமே முறுக்காதீங்க.

ஒரே கட்டில்ல ஆள் மாத்தி ஆள் தூங்குறோம். நான் வந்து படுக்கும்போது தலையணையில உங்க சூடுதான் இருக்கு, நீங்க இல்ல.

உங்க லேத்துக்காரி

பி.கு.: கார் சாவி சர்க்கரை டப்பா மேல.

இன்னொண்ணு: காலையில என் நைட் ஷிஃப்ட் முடியறப்போ, உங்க வேலைக்கு லீவு சொல்லிட்டு, ஃபேக்டரி வாசலுக்குக் காரை எடுத்துட்டு வாங்க. முள் ஏற நேரமாகும். சுத்து வழியாவே வீட்டுக்கு வரலாம்.