லாரியில் போய் வந்த மரங்கள்

ஜனவரி 9
நான் வேலை பார்க்கும் செடி நர்சரிக்கு எதிரே இருந்த வயல்கள் மனைகளாகிவிட்டன. ‘புகையில்லாப் புதுநகர்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குக் குழி தோண்டிய இயந்திரம் விட்ட புகையில் எனக்கு இன்னும் இருமல்.

ஜனவரி 27
புதுநகர் மேடம் வந்தார். காரை அணைக்கவில்லை, உள்ளே குளிர் போய்விடுமாம். ஆள் உயரத்தில் நூறு நிழல்மரங்கள் கேட்டார். முதலாளியக்காவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடி, இனி நமக்கு நல்ல காலம்தான்."

பிப்ரவரி 11
நல்ல காலம் முடிந்தது. நர்சரி நிலத்தையும் அதன் சொந்தக்காரர் புதுநகருக்கே விற்றுவிட்டார். அக்கா முப்பது கிலோமீட்டர் தள்ளி இடம் பிடித்திருக்கிறார். "அங்க பஸ் கிடையாது. வீட்ல கேட்டுச் சொல்லு" என்றார்.

கேட்பதா? நானா? ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே பள்ளியை விட்டவள். இந்த வேலை நடை தூரத்தில் இருந்தது. செடிகளும் கேள்வி கேட்காது. இது போனால் வீட்டில்தான் கிடக்க வேண்டும்.

பிப்ரவரி 12
கேட்கவில்லை.

பிப்ரவரி 15
கேட்டேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "செடிக்குத் தண்ணி ஊத்த முப்பது கிலோமீட்டரா?" என்றார்.

அக்காவின் லாரியை ஓட்டும் சித்தப்பா, "தினமும் காலையில காலி வண்டியத்தான ஓட்டிட்டுப் போகப் போறேன், ஓரமா உக்காந்து வரட்டுமே" என்றார்.

"இவளா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுவாளா அங்க?"

"நான் பேசப் போகல. வேலைக்குப் போறேன்." சொன்னது நான்தான்! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

மார்ச் 2
"அந்த நூறு மரம் எப்படியும் உங்களுக்குத்தானே, இங்கயே விட்டுடட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

"முதல்ல நிலத்தச் சமன் பண்ணணும்மா. எடுத்துட்டுப் போயிட்டுத் திரும்பக் கொண்டாங்க" என்றார் மேடம்.

வேர்மண்ணைச் சாக்கில் கட்டி ஏற்றினோம்.

மார்ச் 29
திரும்பக் கொண்டுவந்து இறக்கினோம். மேடம் ஒவ்வொரு மரத்திலும் அட்டை கட்டினார்: ஆண்டுக்கு இவ்வளவு கரியமிலவாயுவை உறிஞ்சும். பக்கத்தில் எங்கள் லாரி உறுமிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாது.

சித்தப்பா என் காதில், "இந்த மரம் போய்ட்டு வந்த தூரத்துக்கு உன் சித்தியக்கூட நான் கூட்டிட்டுப் போனதில்லடி."

ஏப்ரல் 18
முன்பு தொட்டி வாங்குகிறவர்கள் நடந்து வந்து இடுப்பில் வைத்துக்கொண்டு போவார்கள். இப்போது இந்தப் புது இடத்துக்கு ஒரே ஒரு ரோஜாவுக்காக ஒரு முழுக் கார் வருகிறது. அதே ரோஜாதான். பூ கூடுதலாகவும் பூக்கவில்லை.

ஜூன் 14
அக்கா வெளியே போயிருந்தார். நிலம் அளக்கிறவர் ஒருவர் பக்கத்து வயலில் கருவியை நட்டார். என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பசுமையா, அமைதியா இருக்குல்ல? இந்த மாதிரி எடத்தத்தான் எங்க கம்பெனி தேடுது" என்றார்.

"இங்க பாம்பு இருக்கு சார்" என்றேன். "நிறைய."

வெளியாளிடம் வாயைத் திறந்து பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் பொய்.

"அதெல்லாம் ரோடு போட்டா ஓடிடும்மா" என்று சொல்லி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர், இன்னொரு முப்பது கிலோமீட்டர் தாங்குமா என்பதுபோல, லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.