ஒன்றரை விரல் உயரம்

மியூலபோஸ்,
6 பிப்ரவரி 1977

அன்புள்ள தம்பி ரூலாந்துக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்றுதான் நேற்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனாயே, பயிற்சி சைக்கிள், அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். ஏறி உட்கார்ந்தால் கால் பெடலுக்குச் சரியாக எட்டவில்லை. உனக்கும் எனக்கும் ஒரே கால். சின்ன வயதில் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள், சீட்டை ஒருநாளும் தொட்டதில்லை. முப்பத்தொரு வயதில் வளர்ந்துவிட்டாயா என்ன?

சைக்கிள் கடை யெஃப்பிடம் தள்ளிக்கொண்டு போனேன். அளந்து பார்த்துவிட்டு, "ஒன்றர விரலு தூக்கி வச்சிருக்கு கோதலீவ. இது உன் தம்பி அளவே இல்ல. வேற யாருதோ" என்றான். யாருடையது? எனக்குத் தெரிந்தாக வேண்டும். சீட்டை நம் அளவுக்கு இறக்கச் சொல்லிவிட்டேன். முன்னால் கூடையும் மணியும் மாட்டியாயிற்று.

மார்ச் 27 சைக்கிள் பந்தயம் நம் குன்றில் ஏறி, என் பீர்க்கடை வாசல் வழியாகவே போகிறதாம். உன் ரசிகர் மன்றத்தில் இப்போது முப்பத்தெட்டுப் பேர். நீ ஜெயிக்கும் நாளில் திறப்பதற்கென்று வைத்த பீர் பீப்பாய் எட்டு வருஷமாக மூலையில் இருக்கிறது. கெட்டுப்போகாமல் இருக்க வருஷத்துக்கு ஒரு முறை புதுப் பீப்பாய் மாற்றி வைக்கிறேன்.

அக்கா,
கோதலீவ

*

பிரான்ஸ், கடலோரப் பயிற்சி முகாம்,
14 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

அந்த அளவு ஸ்டாஃபுடையது. எங்கள் குழுவில் ஜெயிக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான். மற்ற ஏழு பேரும் அவனை ஜெயிக்க வைக்க ஓட்டுகிறோம். எதிர்காற்றில் அவனுக்கு முன்னால் போவது, பின்னால் வரும் குழு காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவது, எல்லாம் எங்கள் வேலை. மலைப்பாதையில் அவனுக்குப் பஞ்சர் ஆனால் கார் வந்து சேர ஒரு நிமிஷமாவது ஆகும். அதற்குள் பந்தயம் போய்விடும். அதனால் ஒருவனுடைய சைக்கிள் எப்போதும் அவன் அளவில் இருக்க வேண்டும். நான் இறங்குவேன், அவன் ஏறுவான், ஐந்து விநாடி. நாலு வருஷமாக அந்த ஒருவன் நான்.

இதைக் கேவலமாக நினைக்காதே. போன வருஷம் அவன் ஜெயித்த பந்தயங்களில் மூன்று என் சைக்கிளில் ஜெயித்தவை. அவன் பக்கத்தில் யார் ஓட்டுவது என்று மேனேஜர் பீர்லிங்க் கேட்டால், எல்லோரும் என்னைத்தான் காட்டுவார்கள்.

முட்டிக்குப் பின்னால் கொஞ்சம் வலி இருக்கிறது. மன்றத்தில் சொல்லாதே.

உன்,
ரூலாந்த்

*

மியூலபோஸ்,
27 பிப்ரவரி

தம்பி,

கொஞ்சம் வலியா? கிறிஸ்துமஸில் மாடிப்படி இறங்க நீ சுவரைப் பிடித்தாய். பார்க்காததுபோல் இருந்தேன். இன்னொருவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நாலு வருஷம் நடந்திருக்கிறாய், அதைப் பெருமையாக வேறு எழுதுகிறாய்.

தண்ணீர் தூக்கு, காற்றைத் தடு, எனக்கு அதில் வெட்கமே இல்லை. வெள்ளிக்கிழமை கசாப்புக்கடை சில்வான் எல்லோர் முன்னாலும், "என்ன கோதலீவ, உன் தம்பி இன்னைக்கும் தண்ணிதான் தூக்குனானா?" என்று இளித்தான். "ஆமா, தூக்குனான். உன்னைத் தூக்கச் சொன்னா பாட்டிலோட சேர்த்து உன்னையும்ல எவனாவது தூக்கணும்" என்றேன். கடையே சிரித்தது. உன் வேலைக்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்பேன். ஆனால் கால் உன்னுடையது. அதை அவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

ஒன்று சொல்கிறேன், விளையாட்டில்லை. மார்ச் 27 அன்று அந்தச் சீட்டில் உட்கார்ந்து நம் குன்றில் ஏறினால், கடையைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவேன். மன்றத்துப் பலகையையும் கழற்றிவிடுவேன். வாசலில் ஒரு ஈ காக்கை இருக்காது.

கோதலீவ

*

கென்ட், ஓட்டல்,
22 மார்ச்

அக்கா,

சீட்டை இறக்கலாமா என்று உனக்காக வாய்விட்டுக் கேட்டேன். பீர்லிங்க் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சீட்டு அப்படியேதான் இருக்கும். இல்லன்னா அதுல வேற ஆளு இருப்பான்" என்றார். அன்று மாலையே மெக்கானிக் என் சீட்டுக் கம்பியில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டான். நானாக இறக்கினால் தெரிந்துவிடுமாம்.

இந்த இலையுதிர் காலத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. எனக்கு வேறு தொழில் தெரியாது. மன்றம் வை என்று நான் கேட்டேனா? பீப்பாய் வாங்கு என்று கேட்டேனா? சாத்துவதானால் சாத்து. எனக்கு வேலை இருக்கிறது.

ரூலாந்த்

*

கென்ட்,
29 மார்ச்

அன்புள்ள அக்கா,

உன் வாசலில் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு விடியற்காலையில் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்குத்தான் இப்படி அடையாளம் வைப்பார்கள் என்று தோன்றியது. பட்டென்று கோபம் வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்து, கோடு குழாய்க்குள் மறையும் வரை சீட்டை இறக்கினேன். உன் கதவுக்காக இல்லை, எனக்காக.

திருட்டுத்தனமாகச் செய்ய மனசில்லை. மசாஜ் மேசையில் படுத்திருந்த ஸ்டாஃபிடம் போனேன். "இன்னைக்கு சீட்டு என் அளவுல இருக்கு. பஞ்சர் ஆனா சக்கரத்தைக் கழட்டித் தர்றேன். சைக்கிள் கிடையாது" என்றேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். "அப்போ இதுவரைக்கும் யாரு அளவுல இருந்துச்சு?" என்று கேட்டான். "நாம ரெண்டு பேரும் ஒரே உயரம்னுல்ல நெனச்சேன்!"

நாலு வருஷம், அக்கா. அவனுக்குத் தெரியவே தெரியாது.

சொல்லிவைத்தாற்போல் அவன் முன்சக்கரம் நம் குன்றில், உன் வாசலுக்கு நேரே பஞ்சர் ஆயிற்று. என் முன்சக்கரத்தைப் போட்டு அவனைத் தள்ளிவிட்டேன். இருபது விநாடிகூட ஆகவில்லை. அப்புறம் ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குழு காருக்காக நின்றேன். கார் வந்தது. பீர்லிங்க் ஜன்னல் வழியாக என் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிற்காமல் போய்விட்டார். முழுப் பந்தயமும் என்னைக் கடந்து போயிற்று. உன் திரை மூடியே இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை.

அப்போதுதான் கதவு திறந்து நீ கூடை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

வெளியாள் சைக்கிளில் ஏறினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் ஏறினேன். முப்பது கிலோமீட்டர். கூடையில் உன் வெங்காயம் இரண்டு உருண்டுகொண்டே வந்தன. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கைதட்டினார்கள். நானும் கடைசி ஒரு கிலோமீட்டர் முழுக்க மணியடித்துக்கொண்டே போனேன். பட்டியலில் என் பெயர் இல்லை. ஸ்டாஃப் ஜெயித்துவிட்டான்.

பீர்லிங்க் அன்றே கணக்கு முடித்துவிட்டார். பெட்டி கட்டிவிட்டேன். ஸ்டாஃப் வந்து கைகொடுத்தான். இன்னொரு குழுவில் கேட்டிருக்கிறேன். எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். எடுத்தால், என் சீட்டை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதித் தரச் சொல்வேன்.

முட்டி வலிக்கவில்லை. நீ ஏன் கதவைத் திறந்தாய்?

உன் தம்பி,
ரூலாந்த்

*

மியூலபோஸ்,
31 மார்ச்

என் தம்பிக்கு,

ஏன் திறந்தேன் என்றா கேட்கிறாய்? நான் திரையை இழுத்தேனே தவிர, கண்ணை மூடவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். நீ குன்றில் ஏறி வந்தபோதே தெரிந்துவிட்டது, என் கால் போலவே மடங்குகிறது உன் கால் என்று. பிடித்த வீம்பை விட முடியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னை மன்னித்துவிடு.

திங்கட்கிழமை பேப்பரில் ஸ்டாஃப் கையைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டும் படம் பெரிதாக வந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஸ்டாஃபை வெட்டி எறிந்தேன். உன் முன்சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, "முதல் பரிசு: ரூலாந்த்" என்று கீழே எழுதியாயிற்று. சில்வான் வந்து வெகுநேரம் பார்த்தான். "வெறும் சக்கரந்தானே கோதலீவ?" என்றான். "அது இல்லாம ஓட்டிக் காட்டு, பாக்கலாம்" என்றேன். ஒரு பீர் கேட்டு உட்கார்ந்தான். மன்றத்தில் சேர்ந்தும்விட்டான்.

பீப்பாயைத் திறந்துவிட்டோம். உனக்கென்று ஒரு குவளை எடுத்து வைத்தேன், அதையும் யெஃப் குடித்துவிட்டான்.

குழு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சனிக்கிழமைக்குள் வந்து சேர். நீ அவர்களுக்கு ஓட்டியது போதும். சந்தைக்குப் போக எனக்கு சைக்கிள் வேண்டும். வெங்காயத்தையும் கொண்டு வா.

அக்கா,
கோதலீவ