படத்துக்குப் பின்னால் மடித்து வைத்த தாள்

பெரியவளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் தங்கை, கடிகாரக்காரர் மூன்று பேரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் உன் தங்கைக்குச் செருப்பு வாங்கிய கதையோடு நின்றுவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் சொன்ன பிறகு நீ பேசாமல் இருக்கும் அந்த நான்கு நொடிக்குள் நான் நாற்பது அர்த்தம் கண்டுபிடித்துவிடுவேன். கவலைப்பட ஒன்றும் கிடைக்காவிட்டால் அம்மா அதற்கும் கவலைப்படுவாள் என்று நீயே சொல்வாயே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை பிறந்த கையோடு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தது உனக்குத் தெரியும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இரண்டு போதும் என்று நானும் உன் அப்பாவும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டோம். அப்பா அத்தனை சீக்கிரம் போய்விடுவார் என்றோ, ஆறு வருடம் கழித்து நான் கடிகாரக்காரரைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்றோ அன்றைக்கு யார் கண்டது. குழந்தை வேண்டும் என்று இவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, சத்தியம். கடைக்கு வந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையை இவர் மடியில் கொடுத்துவிட்டு மறந்த பையை எடுக்கப் போனாள். அவள் வரும் வரை, திறந்து வைத்த கடிகாரத்தை ஏந்துகிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் ஆசை வந்தது. அவருக்காக என்று சொன்னால் பொய், எனக்கே வேண்டும் என்று இருந்தது. முப்பத்தெட்டு வயதில் இது என்ன என்று நீ நினைக்கலாம், நானும் ஒரு மாதம் அதையேதான் நினைத்தேன். உன் தங்கையிடம் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஆனால் என் பரீட்சை முடிகிற வரைக்கும் அது அழக் கூடாது என்றாள்.

அடைத்த குழாயை மறுபடி இணைக்கிற ஆபரேஷன் இருக்கிறது என்று படித்துவிட்டு மூன்று ஆஸ்பத்திரி பார்த்தோம். முதலாவது பெரிய இடம், சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். மேசையில் இருந்த பெண் என் வயதைக் கூடக் கேட்காமல், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கரு நிற்கும் மேடம் என்றாள். படி இறங்கும்போதே கடிகாரக்காரர், மூடியைத் திறக்காமலே ஓடும்னு சொல்றவன்கிட்ட நான் அலாரம் டைம்பீஸைக் கூடக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டாவது இடத்து டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்வீர்கள் என்று கேட்டேன். இரண்டோ மூன்றோ, மற்றவர்களைச் சோதனைக் குழாய்க் குழந்தை வழிக்குத்தான் அனுப்புகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னார். அதற்காகவே அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது இடம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி, நாலே நாற்காலி. டாக்டரம்மா என் தோள் உயரம்தான் இருப்பார். இதை மட்டுமே பல வருடமாகச் செய்கிறவர். பென்சிலை எடுத்துப் படம் போட்டுக்கொண்டே அவர் சொன்னதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை, கண்ணு. குழாயை அடைத்தாலும் உடம்பு நிறுத்தவில்லையாம். பதினாறு வருடமாக மாதா மாதம் ஒரு முட்டையை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, அதுவும் அடைத்த இடம் வரைக்கும் வந்து அங்கேயே கரைந்து போயிருக்கிறது. நான் ஆபீசில் வருகைப் பதிவு போட்டுக்கொண்டும், உன்னோடு சண்டை போட்டுக்கொண்டும், அப்பாவுக்காக அழுதுகொண்டும் இருந்த எல்லா நாளும் எனக்குள் ஒரு வேலை என்னைக் கேட்காமலே நடந்திருக்கிறது. அந்தக் குழாயின் உள்வழி ஒட்டும் இடத்தில் குண்டூசி முனை அளவுதானாம், மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துத்தான் தைப்பார்களாம். தைக்கிற நூலில் ஒரு துண்டை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். எனக்குத் தாள்தான் தெரிந்தது. நம்மவர் சட்டைப் பையிலிருந்து கண்ணில் இடுக்கும் அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார், ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு, கை நடுங்காதா டாக்டர் என்று மெல்லக் கேட்டார். நடுங்கும், மூச்சை முழுசா விட்டு முடிச்ச அப்புறம்தான் ஊசியை நகர்த்துவேன் என்றார் அந்தம்மா. எனக்கு இதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்லைங்க என்று இவர் கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டார். முப்பது வருடமாகக் கடிகாரத்தில் இவரும் அப்படித்தானாம், இத்தனை நாள் கூட இருக்கிறேன், எனக்கே தெரியாது.

ஆனால் டாக்டரம்மா ஆசை காட்டவில்லை. என் வயதுக்குப் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை குழாயிலேயே தங்கிவிடுகிற ஆபத்தும் உண்டு, நாள் தள்ளினால் உடனே ஓடி வர வேண்டும் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் பரிசோதனை எடுத்தார், அதில் குறை இல்லை. கடைசியாக, பழைய ஆபரேஷன் சீட்டு இருக்கிறதா என்றார். அன்றைக்குக் குழாயை வெட்டிக் கட்டினார்களா, வளையம் போட்டார்களா, சுட்டார்களா என்று அதில் எழுதியிருக்குமாம். நிறையச் சுட்டிருந்தால் வயிற்றைத் திறப்பதே வீண் என்றார். இங்கே பீரோ, பெட்டி, உன் பழைய புத்தகக் கட்டு எல்லாம் கவிழ்த்துத் தேடிவிட்டு, நான்காம் நாள் துணி மடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அது உன்னிடம் இருக்கிறது. அப்பா இறந்த அந்த வாரத்தில் நான் அவர் படத்துக்குச் சட்டம் போட்டபோது கண்ணாடி லொடலொடவென்று ஆடியது. கைக்குக் கிடைத்த தடித்த தாளை நான்காக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினேன். அதுதான் அந்தச் சீட்டு. இனி ஒரு ஆஸ்பத்திரித் தாளுக்கு என்ன வேலை என்று அன்று நினைத்தேன். அந்தப் படம்தான் இப்போது உன் ஹாஸ்டல் மேசையில் இருக்கிறது.

இன்னொருவரோடு நான் பெறப்போகிற குழந்தைக்காக உன்னை உன் அப்பா படத்தைக் கழற்றச் சொல்கிறேன். எப்படித் திருப்பி எழுதினாலும் அது அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் இரண்டு வாரம். உனக்கு மனம் வராவிட்டால் தொடாதே. நான் காரணம் கேட்க மாட்டேன். தொப்புள் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது, ஒரு மயக்க ஊசி கூடுதல், அவ்வளவுதான். இவரிடம் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று சொன்னபோது, பிள்ளையைக் கேக்காதே, அது அவ அப்பா இடம் என்று மட்டும் சொன்னார். நான்தான் கேட்கிறேன், என் பெண்ணிடம் மறைத்து ஒரு பிள்ளை பெற எனக்கு இஷ்டமில்லை.

படிப்பும் உடம்பும் உனக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும், நல்ல சிநேகிதம் சேரட்டும். கம்பளி உறையைப் பாதத்துக்கும் போடு. ஒன்று மறந்துவிடாதே, கழற்றுவதாக இருந்தால் சட்டத்தின் பின்னால் நான்கு சின்ன ஆணி இருக்கும், நகத்தால் இழுக்காதே, ஸ்பூன் காம்பால் நெம்பு. தாளை எடுத்த பிறகு கண்ணாடி ஆடும். அந்த இடத்தில் இந்தக் கடிதத்தை நான்காக மடித்து வை, கனம் சரியாக இருக்கும்.

என்றும் உன்,
அம்மா